பனைமரத்தடியில் கௌபாய்

தமிழ்க் கௌபாய் படம் அமெரிக்காவில் பிறந்து, இத்தாலியர் தயவில் ஸ்பெயினில் வளர்ந்து, கோடம்பாக்கத்தில் சிக்கனம் பழகிய வகை. இதன் மூலவர், ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன். 1970இல் ‘காலம் வெல்லும்’, 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று வரிசையாக எடுத்தார், நாயகன் ஜெய்சங்கர்.

இலக்கணம் எளிது. ஆறு குண்டுத் துப்பாக்கி, தேவை தீரும்வரை சுடும். நாயகனுக்குத் தொப்பியும் பூட்ஸும். அவன் அம்மாவுக்கு நூல் புடவையும் கண்ணீரும். டெக்ஸாஸ் என்று நம்பச் சொல்லும் பொட்டலில் பனைமரம் எட்டிப் பார்க்கும். ஆனால் குதிரைத் துரத்தல் வந்துவிட்டால் கர்ணனின் கேமரா குளம்படிக்கே இறங்கிவிடும், புழுதி நிஜம். அந்தப் புழுதிக்காகவே கீற்றுக்கொட்டகை ரசிகர்கள் மற்றதையெல்லாம் மன்னித்தார்கள்.

முந்திச் சுட்டவன் சொல்வதே சட்டம் என்பது இப்படங்களின் அரசியல். சோழர் கால உத்திரமேரூர் கிராமசபையில் இந்தக் கதை ஓடாது. கணக்குக் காட்டாதவனும் பிறர் பொருளைக் கவர்ந்தவனும் குடத்தில் பெயரோலை இட்டு உறுப்பினரை எடுக்கும் குடவோலைத் தேர்தலுக்கே தகுதியற்றவர்கள் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே அங்கே கல்லில் வெட்டிவிட்டார்கள். வில்லன் மனுத்தாக்கலோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

2010இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ இந்த வகையைக் கேலி செய்தது. மலிவைக் கிண்டலடிக்க ஓர் ஊரையே செட்டாகப் போடவேண்டியிருந்தது.