கூப்பிட்டது சித்தப்பா இல்லை

எங்கள் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒருவரைக் கூப்பிடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கூப்பிட்டால் அது கூப்பிட்ட கணக்கிலேயே சேராது. முறையாகக் கூப்பிட்டும் ஒருவர் வராமல் போனால், அந்தக் கணக்கு பேரன் கல்யாணம் வரை தீராது. எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்து இணையதளம் நடத்துகிறவனுக்கு இந்தச் சூட்சுமம் எப்படிப் பிடிபட்டது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2009 வாக்கில் என் சித்தப்பா சங்கரன்கோவில் பிரவுசிங் சென்டர் ஒன்றில் மெயில் ஐடி வாங்கினார். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கை வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பத்தான். அதனால் மும்பை முதல் துபாய் வரை, வரி கொடுக்கிற ஒவ்வொருவர் முகவரியும் அவரிடம் இருந்தது. ஒருநாள் ஏதோ ஒரு தளம், 'உங்கள் நண்பர்கள் யார் யார் இங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லட்டுமா? மெயில் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள்' என்று கேட்டது. வலிய வந்து உதவுகிறவனிடம் முகத்தில் அடித்த மாதிரி எப்படி மறுப்பது? கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அத்தனை பேருக்கும் சித்தப்பா பெயரில் அழைப்பு போனது: 'உங்களை நண்பராக்கிக்கொள்ள விரும்புகிறார்.' மும்பையிலிருந்து ஒருவர் போன் போட்டு, "கொடைக்குப் புதுசா வரி போடுதியளோ?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குப் பாடம் நடத்திய ஹெட்மாஸ்டர், "ஏல, எப்பலேருந்து நான் ஒனக்குச் சேக்காளி?" என்று கொதித்தார்.

பெரிய விபத்து வடக்குத் தெருவில் நடந்தது. அங்கே இருக்கும் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. பெரியப்பா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அழைப்பு அவனுக்கும் போக, அவன் அப்பாவுக்குச் சொல்ல, மறுநாள் பெரியப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார்.

"நீயே எறங்கி வந்து கூப்பிட்ட பெறவு நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

வீட்டுக்கு வந்தவரிடம் 'நான் கூப்பிடவே இல்லை' என்று எந்த மனுஷன் சொல்வான்? சித்தி காபி போட்டாள். இரண்டு பேரும் மழை இல்லாததைப் பற்றி மிகுந்த ஒற்றுமையோடு பேசினார்கள். பதில் போடாதவர்களுக்கெல்லாம் அந்தத் தளம் மறுபடி மறுபடி நினைவூட்டல் அனுப்பியபோதுதான் குட்டு உடைந்தது. கிணற்றுப் பங்கோடு, 'மிஷினை விட்டு என்னைக் கூப்பிட்டான்' என்ற புதுக் குற்றமும் சேர்ந்துகொண்டது.

சித்தப்பா மட்டும் ஏமாந்த ஆண்டு இல்லை அது. டேக்டு என்ற அமெரிக்கத் தளமும் அதே 2009-இல் இதே வித்தையால் பேர் வாங்கியது. உங்கள் நண்பர் உங்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார் என்று மெயில் வரும். பதில் போடாவிட்டால் நீங்கள் மறுத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார் என்று கூடவே ஒரு அழுமூஞ்சிப் பொம்மை. அசல் வடக்குத் தெரு மனஸ்தாபம்! டைம் பத்திரிகை அதை உலகிலேயே அதிக எரிச்சலூட்டும் இணையதளம் என்று எழுதியது. 6 கோடிக்கும் மேற்பட்ட ஏமாற்று மெயில்களை அனுப்பியதாக நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோ குற்றம் சாட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்குக்கு 5 லட்சம் டாலர், டெக்சாஸுக்கு 2.5 லட்சம் டாலர் கட்டி அது வழக்கை முடித்துக்கொண்டது. வேலை தேடுவோர் கூடும் லிங்க்டுஇன்னும், உறுப்பினர்கள் பெயரில் திரும்பத் திரும்ப நினைவூட்டல் அனுப்பியதற்காக வந்த வழக்கில் 2015-இல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. எங்கள் வாழைப்பழத்துக்கு மட்டும் நஷ்டஈடு வரவில்லை.

மெயில் காலம் போய் இப்போது வாட்ஸ்அப் காலம். தெரிந்தவர் நம்பரிலிருந்தே 'கல்யாணப் பத்திரிகை' வருகிறது. மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் ஊரில் பத்திரிகையைத் திறக்காமல் இருப்பார்களா? திறந்தால் அது பத்திரிகை இல்லை, ஏபிகே என்று முடிகிற ஒரு செயலி. அதை நிறுவி, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தால், நம் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைப் படிக்கும். நம் பெயரிலேயே அடுத்தவருக்கும் பத்திரிகை வைக்கும். 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசக் காவல்துறை இதைப் பற்றி எச்சரித்தது. அந்தக் காலத்துத் தளம் மானத்தை வாங்கியதோடு விட்டது. இது மொய்யையும் தானே எடுத்துக்கொள்கிறது.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது: போனில் வைத்தியம் பார்க்கும் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் கேட்கிறது, நீங்கள் சரி என்று சொன்னாலும், வைத்தியத்துக்கு அது தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது. காய்ச்சலுக்கு மாத்திரை எழுத வடக்குத் தெரு நம்பர் எதற்கு என்று சட்டமே கேட்கிறது. நாமும் கேட்கலாம்.

ஆகவே உறவினர்களே, எந்தக் கல்யாணப் பத்திரிகையும் நம் மெசேஜைப் படிக்க அனுமதி கேட்காது; எந்த நண்பரும் நம் பாஸ்வேர்டு இருந்தால்தான் நட்பு என்று சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால் கூப்பிட்டவருக்கே ஒரு போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினியளா?" என்று கேட்டுவிடுங்கள். பணமே போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அது ஒன்றுதான் நாம் தாமதிக்காமல் கூப்பிட வேண்டிய நம்பர்.