கருவைக்கு வந்த வாழ்வு

டூசான், அரிசோனா

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கரிமூட்டத்துக்குச் சம்பந்தமுள்ள ஓர் இடத்துக்குப் போய் வந்தேன். சாராயம் காய்ச்சுகிற இடம். பதறாதீர்கள், லைசென்ஸ் உள்ளதுதான். பேர் 'விஸ்கி டெல் பாக்'.

இந்தப் பாலைவனம் முழுக்க மெஸ்கிட் என்று ஒரு மரம். அதே முள், அதே காய், அதே திமிர். உங்கள் மூட்டத்தில் கரியாகிற நம்ம சீமைக்கருவைக்குப் பங்காளி. மதுரை ஐகோர்ட் கிளை 2017-இல் கருவையை வேரோடு பிடுங்கச் சொன்னதே, அப்போது நீங்கள் தூங்காமல் கிடந்தது நினைவிருக்கிறதா? இங்கேயும் மாட்டுப்பண்ணைக்காரர்கள் புல்தரையை விழுங்குகிறது என்று இதைத் திட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த ஊர்த் தச்சர் ஒருவர் இதில் மேசை, நாற்காலி செய்து விற்றிருக்கிறார். மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் போட்டுக் கறி சுட்டபோது அவர் மனைவி கேட்டாராம்: "ஸ்காட்லாந்துக்காரன் விஸ்கிக்குச் சதுப்பு மண்ணை எரித்துப் பார்லி காயவைக்கிறான். நாம் இந்தக் கட்டையில் காயவைத்தால் என்ன?" அப்படிப் பிறந்ததுதான் ஆலை.

பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் மெஸ்கிட் புகை காட்டுகிறார்கள். அரைத்து, வெந்நீரில் கலக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, செம்புப் பானையில் வடிக்கிறார்கள். முதலில் வருவதை ஒதுக்கிவிடுகிறார்கள், கடைசியில் வருவதும் வேண்டாம். நடுவில் வருவதுதான் சரக்கு. நம்ம ஊரில் கிடைப்பது இதில் எந்தப் பகுதி என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்புறம் ஓக் பீப்பாய். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் போகுமாம். அங்கே காற்றில் ஈரம், அதனால் சாராயம் முந்திப் போய் வீரியம் இறங்கும். இங்கே காற்று காய்ந்து கிடக்கிறது. தண்ணீர்தான் முந்திக்கொள்கிறது, வீரியம் ஏறுகிறது. ஜூன் மாதத்து 40 டிகிரியில் எந்தத் தேவதையும் தண்ணீரைத்தான் தேடும்.

ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். மூட்டம் பிரிக்கிற நாளில் உங்கள் சட்டையில் வருமே, அந்த வாசனை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் கண்ணை மூடி "ஆஹா" என்றார். அதே சட்டையை அக்கா வாசலிலேயே கழற்றச் சொல்வாள்.

அக்கா கேட்டால், மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று சொல்லுங்கள். பொய்யில்லையே!

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்