வால்துடுப்பும் கால நிர்ணயமும்: சாலையோரப் பட அஞ்சலட்டைகளில் கார் அறியும் முறைமை

கல்வெட்டைப் படித்துக் காலம் சொல்பவரை உலகம் மதிக்கிறது. பானை ஓட்டைத் தடவிப் பார்த்துக் காலம் சொல்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். ஆனால் அமெரிக்க மோட்டல் ஒன்றின் பட அஞ்சலட்டையைக் கண்ணருகே பிடித்து, மூன்றாம் அறை வாசலில் நிற்கும் காரின் பின்விளக்கை வைத்து, "இப்படம் 1958 இலையுதிர் காலத்துக்கு முந்தியதன்று" என்று அறுதியிட்டுச் சொல்பவருக்கு வீட்டில் ஒரு வாய் காபிகூட மரியாதையாகக் கிடைப்பதில்லை. இக்குறையைக் களைவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். இரண்டாம் நோக்கம் எதுவும் இல்லை.

ஆய்வுப் பரப்பு 1930கள் முதல் 1960கள் வரை அமெரிக்க நெடுஞ்சாலையோரத்தில் விற்ற, அல்லது இலவசமாகக் கொடுத்த, அட்டைகள். திணை வகுத்துச் சொல்வதானால், முதற்பொருள் நெடுஞ்சாலையும் கோடை விடுமுறையும். கருப்பொருள் நியான் பலகை, நீச்சல்குளம், வெயிலில் தொட்டால் சுடும் இரும்பு நாற்காலி, கார். உரிப்பொருள் "அறை காலி" என்னும் அறிவிப்பும் அதன் நிமித்தமும். 1926இல் எண் பெற்று 1985இல் எண் இழந்த 66ஆம் நெடுஞ்சாலை ஒன்றே ஓர் ஆய்வாளரின் ஆயுளுக்குப் போதும்.

கருப்பொருள்களுள் காரை மட்டும் ஏன் எடுக்க வேண்டும் எனின், மற்றவற்றின் வாக்குமூலம் செல்லாது என்க. சிகாகோவில் 1898இல் கர்ட் டைக் தொடங்கிய அச்சகம் இத்துறையின் பேரரசு. லினன் துணிபோல் சொரசொரப்பான தாளில் அது அடித்த வண்ண அட்டைகளுக்கு மூலம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம்தான். வானத்தின் நீலம் ஓவியர் போட்டது. மேகமும் பல வேளை அவர் உபயம். குறுக்கே நின்ற தந்திக் கம்பத்தைப் பிடுங்கி எறிந்தவரும் அவரே. வறண்ட அரிசோனாவில் புல்தரை பச்சைப் பசேல் என்றிருந்தால் மழையைப் பற்றி எதுவும் முடிவு செய்யக் கூடாது. இத்தனை பொய்க்கு நடுவே, பம்பரின் வளைவையும் மட்கார்டின் முதுகையும் திருத்த ஓவியருக்குப் பொழுதும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆகவே காரின் உருவம் பெரும்பாலும் தப்பித்தது. நிறம் தப்பவில்லை. "சிவப்பு பியூக்" என்று எழுதும் ஆய்வாளரை ஒரு கட்டுரையில் மன்னிக்கலாம், இரண்டாவதில் மன்னிக்கலாகாது.

இவ்வியலே சாத்தியமானதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோன், போன வருஷம் வாங்கிய காரைப் பார்த்து வாங்கியவனே வெட்கப்பட வேண்டும் என்ற உயர்ந்த கொள்கையில், ஆண்டுதோறும் முகத்தை மாற்றும் வழக்கத்தை நிலைநாட்டினார். 1927இல் அதற்கென்றே ஹார்லி ஏர்லின் தலைமையில் ஒரு பிரிவும் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரனின் பொறாமையைக் கிளப்பச் செய்த ஏற்பாடு, பிற்கால ஆய்வாளனுக்கு ஆண்டுக் கணக்காக வந்து சேர்ந்தது. நம் ஊர் அம்பாசடரை எண்ணிப் பாருங்கள். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை ஏறக்குறைய அதே உடம்பு, அவ்வப்போது கிரில் மட்டும் மாறியது. ஓர் அம்பாசடரைக் கொண்டு ஒரு படத்தின் காலத்தைச் சொல்லச் சொன்னால், "சுதந்திரத்துக்குப் பின், நேற்றைக்கு முன்" என்பதற்கு மேல் எந்த நிபுணரும் சொல்லமாட்டார்.

இனி விதி. கூட்டத்தில் புதிய கார் எதுவோ, அதுவே காலத்தின் கீழெல்லை. வாசலில் எட்டுக் கார்கள் நிற்பதாகக் கொள்வோம். ஏழு கார்கள் 1949 ஃபோர்டும் 1953 செவ்ரலேயும் அவற்றின் வயதொத்தனவும். எட்டாவது, ஓரத்தில், பாதி வெட்டுண்டு, கிடையாக விரிந்த இறக்கையும் அதன் கீழே பூனைக்கண் போன்ற விளக்கும் காட்டுகிறது. அது 1959 செவ்ரலே. அம்மாடல் கடைக்கு வந்தது 1958 இலையுதிர் காலத்தில். ஏழு பேரின் சாட்சியம் தள்ளுபடி, அரைக் காரின் சாட்சியம் ஏற்பு. மேலெல்லை இப்படி எளிதில் அகப்படாது. மோட்டல்காரர் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வாங்கிய அட்டையைத் தீரும் வரை கொடுத்துக்கொண்டிருப்பார். 1964இல் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால் அது அவருடைய சிக்கனத்துக்குச் சான்று, படத்துக்கு அன்று.

காரை எப்பக்கம் பார்த்து அறிவது என்பதில் இரு சாரார். முகம் பார்ப்பதே முறை என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? மோட்டலில் காரை அறைக் கதவை நோக்கி நிறுத்துவர், படமெடுப்பவரோ சாலையில் நிற்பார். ஆகவே அட்டைக்குக் கிடைப்பது வால் மட்டுமே. முகவாதிகள் பெட்ரோல் பங்க் அட்டைகளையும் உணவக அட்டைகளையும் நம்பிப் பிழைக்க வேண்டியவர்கள்.

நல்லவேளையாக, வாலில் செய்தி மிகுதி. ஹார்லி ஏர்லின் குழுவினர் பி-38 போர் விமானத்தின் வாலைக் கண்டு மயங்கி, 1948 காடிலாக்கின் பின்னால் சிறு துடுப்பு முளைக்கவைத்தார்கள். அது ஆண்டுக்காண்டு வளர்ந்து 1959இல் உச்சிக்குப் போனது. ஒவ்வொரு துடுப்பிலும் துப்பாக்கிக் குண்டு போல இரண்டு சிவப்பு விளக்குகள். பிறகு தணிந்தது. காடிலாக் வால் ஒன்று தெரிந்தால் அதன் உயரத்தை வைத்தே ஆண்டை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். பக்கவாட்டில் நிற்கும் பியூக்குக்கு வேறு அடையாளம் உண்டு: 1949இல் முன் மட்கார்டில் ஓட்டை வைத்தார்கள், ரோட்மாஸ்டருக்கு நான்கு, சூப்பருக்கு மூன்று. என்ஜினுக்கு அவற்றால் பெரும்பயன் உண்டோ இல்லையோ, எண்ணத் தெரிந்த எவருக்கும் காரின் விலை தெரிந்தது.

ஐயங்கள் சில உள. 1947இல் வந்த ஸ்டூடிபேக்கர் கூப்பேயின் பின்கண்ணாடி முன்கண்ணாடியை விஞ்சிச் சுற்றி வளைந்திருந்ததால், வண்டி வருகிறதா போகிறதா என்று அக்காலத்தவரே கேலி பேசினார்கள். முகவாதியும் வால்வாதியும் கைகோத்துத் தோற்கும் இடம் இது.

இதனினும் கொடிது ஒன்று. 1942 பிப்ரவரியில் போரை முன்னிட்டுப் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்ததும், இருந்த அச்சுகளையே தூசு தட்டி, கிரிலை மட்டும் மாற்றி விற்றார்கள். எனவே பெரும்பாலான கார்களில் 1942, 1946, 1947, 1948 நான்கும் உடன்பிறப்புகள். 1946 ஃபோர்டில் சிறுவிளக்கு கிரிலுக்கு மேலே நீள்சதுரமாக இருக்கும். 1947இன் இடையில் ஹெட்லைட்டுக்குக் கீழே வட்டமாகிவிடும். ஆண்டைத் தீர்மானிக்க இவ்வளவே உண்டு. அஞ்சலட்டையில் அச்சிறுவிளக்கு ஒரு புள்ளி. பூதக்கண்ணாடி வைத்தால் பெரிய புள்ளி. அச்சுப்படம் என்பதே புள்ளிகளின் கூட்டமாதலால், இதற்கு மேல் பெரிதாக்குபவர் காரை விட்டு மையை ஆராயத் தொடங்குகிறார். லினன் தாளின் சொரசொரப்பு வேறு குறுக்கே வந்து, அவ்வட்டத்தைச் சதுரமாக்கியும் சதுரத்தை வட்டமாக்கியும் விளையாடும்.

விற்பனையில் மண்ணைக் கவ்விய கார் ஆய்வில் முதல் மதிப்பெண் பெறும் என்பது இவ்வியலின் இனிய முரண். ஃபோர்டின் எட்செல் 1957 செப்டம்பரில் தம்பட்டத்துடன் வந்து, 1959 நவம்பரில் நின்றுபோனது. குதிரைக் கழுத்துப்பட்டை போன்ற அதன் கிரிலை வாங்க ஆளில்லை. மூன்றே மாடல் ஆண்டுகள்! ஓர் அட்டையில் எட்செல் அகப்பட்டால் ஃபோர்டு நிறுவனம் இழந்த கோடிகளை நினைத்து வருந்த நமக்கு நேரமிராது. மாறாக, நன்றாக விற்ற ஃபோக்ஸ்வாகன் வண்டு உதவாக்கரைச் சாட்சி. 1953 வரை பிளந்த பின்கண்ணாடி, பிறகு முட்டை வடிவம், 1957 கோடைக்குப் பின் அகன்ற சதுரம் என்று மூன்றே சொற்களை மாற்றி மாற்றிப் பேசும்.

காரின் சாட்சியம் மோட்டலோடு நிற்பதன்று. அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் வாவோனா மரம் என்று ஒன்று இருந்தது. 1881இல் அடிமரத்தைக் குடைந்து வழி அமைத்தார்கள். முதலில் குதிரை வண்டி, பிறகு கார்கள் என அம்மரத்தின் வயிற்றில் நின்று படமெடுத்துக்கொள்ளாத வாகனம் குறைவு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயதுள்ள அம்மரம் தன் படம் எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று சொல்ல வக்கற்றது. பத்தாண்டில் பழைய இரும்புக் கடைக்குப் போகவிருக்கும் கார் பளிச்சென்று சொல்லிவிடும். 1969இல் பனியின் கனம் தாங்காமல் மரம் சாய்ந்ததில் நம் துறைக்குப் பேரிழப்பு.

போலிகளும் உண்டு. அரிசோனாவின் ஹோல்புரூக்கில் கூம்புக் கூடார வடிவில் 1950இல் கட்டிய விக்வாம் மோட்டலில், வாசல்தோறும் பழைய கார்களை இன்றும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதை நேற்று எடுத்த படம்கூட 1950களின் வேடத்தில் வரும். மயங்கற்க. உண்மையான 1957இல் தெருவில் நின்றவை பெரும்பாலும் பழைய, ஒடுங்கிய, புழுதி படிந்த கார்களே. நிற்பதெல்லாம் பளபளவென்றும் எல்லாமே அந்தந்த ஆண்டின் அழகுராணியாகவும் இருந்தால் அது வரலாறன்று, கண்காட்சி. பழைய காரை அழித்துப் புதுக் காரை வரைந்து சேர்த்த அச்சகத் திருவிளையாடல்களும் உண்டு. கட்டடத்தின் நிழல் ஒரு பக்கமும் காரின் நிழல் மறுபக்கமும் விழுந்தால் ஓவியர் வந்து போயிருக்கிறார் என்று கொள்க.

இவ்வளவு பாடு எதற்கு, அட்டையில் பொடி எழுத்தில் எண் இருக்கிறதே என்பாரும் உளர். டைக் அட்டைகளில் 9ஏ என்றால் 1939, 2பி என்றால் 1942, இது உண்மையே. ஆயினும் எண்ணைப் பார்த்துக் காலம் சொல்வது விடைப் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் குறுக்கெழுத்துப் போடுவதற்கு ஒப்பாகும். மேலும், எண் சொல்வது அச்சான ஆண்டை, கார் சொல்வது படமெடுத்த காலத்தை. இவை இரண்டும் முரண்படும்போதுதான் ஆய்வாளர் சாப்பாட்டை மறக்கிறார்.

புறனடையாக ஒன்று. பல அட்டைகளில் நீச்சல்குளத்தருகே நீச்சலுடையில் நிற்கும் பெண்மணி யார் என்பது இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானது. அவர் பெரும்பாலும் சரியாகப் பின்விளக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டுமே இங்குக் குறிக்கத்தக்கது.