குத்தகை வேட்டைக்காரர்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருவர் கதவைச் சாத்துவதைப் பாருங்கள். நடுநிசியில் வீடு திரும்பும் கணவன் தோற்றான். இரண்டு விரலால் தள்ளி, இடுப்பால் அழுத்தி, மூச்சை அடக்கிச் சாத்துகிறார். சத்தம் கேட்டால் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையின் சேவல்கள் வயலின் மறுகோடி வழியாக ஓடியே போய்விடும். பறக்கத் தெரிந்த பறவைதான். ஆனால் கால் இருக்கும்போது சிறகை வீணாக்காது.

இவர் வெளியூர்க்காரர். பல் வைத்தியராகவோ காப்பீட்டு ஏஜெண்டாகவோ இருப்பார். நாலு நண்பர்களோடு பங்கு போட்டு ஒரு விவசாயியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். நம் ஊரில் குத்தகை என்றால் நாலு மூட்டை நெல்லாவது வீடு வரும். இவருக்கு அந்த நிலத்தில் ஒரு சோளக்கதிர் ஒடிக்கவும் உரிமை கிடையாது. துப்பாக்கியோடு நடக்கலாம், அவ்வளவுதான்.

செப்டம்பரிலிருந்தே விவசாயிக்குப் போன் போகும். பேத்திக்குப் பல் முளைத்ததா என்பது வரை விசாரித்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "மக்காச்சோளம் அறுத்தாச்சா?" என்பார். அறுக்காத கொல்லைக்குள் சேவல்கள் ஒளிந்துகொண்டால் தேடுவது யார்? "இன்னும் ஈரம் காயலையே" என்று அவர் சொல்லிவிட்டால், இவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்காது.

அந்த விவசாயி லேசுப்பட்டவரல்ல. 1985 பண்ணைச் சட்டப்படி, உழாமல் புல் வளரவிடும் நிலத்துக்கு அரசாங்கம் வாடகை தருகிறது. அந்தப் புல்லில்தான் ஃபெசன்ட் முட்டையிட்டுப் பெருகுகிறது. அதில் நடப்பதற்கு நம்மவரும் தனியாக வாடகை தருகிறார். ஒரே புல்லுக்கு இரண்டு வாடகை! இந்த வேட்டையில் குறி தப்பாதவர் அந்த விவசாயி ஒருவர்தான்.

"இது எங்கள் மண்ணின் பறவை" என்று நம்மவர் நெஞ்சு நிமிர்த்துவார். அது சீனத்துக் கோழி. ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி 1880களில் கப்பலேற்றி ஆரிகனுக்கு அனுப்பியவற்றில் பிழைத்தவைதான் அந்த நாட்டில் முதன்முதலாக வேரூன்றின. தெற்கு டகோட்டா 1919இல் முதல் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. 1943இல் மாநிலப் பறவையாகவே ஆக்கிக்கொண்டது. வந்தாரை வாழவைத்துச் சுடும் மாநிலம்.

நாயைச் சொல்லாமல் இவரைச் சொல்லி முடியாது. ஜெர்மன் பாயிண்டர். அதற்குப் பல தலைமுறை வம்சாவளிப் பத்திரம் உண்டு. இவருக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது. நாயின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. ஓட்டல் கட்டிலில் முக்கால் பாகம் அதற்கு, விளிம்பு இவருக்கு. நம் குளத்துமேட்டில் கிடக்கும் மருளூமத்தை முள் அங்கும் உண்டு. சாயங்காலமானால் நாயை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். மனைவிக்கு ஒருநாளும் சிக்கெடுத்துவிட்டதாகத் தகவல் இல்லை.

வயலில் நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கி, வால் விறைத்து, சிலையாகிறது. இவர் இரைக்க இரைக்க ஓடுகிறார். புல் வெடித்ததுபோல் பறவை எழும்புகிறது. பெட்டையைச் சுடக்கூடாது, சட்டம். "சேவல்! சேவல்!" என்று நண்பர் கத்துகிறார். டுமீல், டுமீல். சேவல் நிதானமாக அடுத்த குத்தகைக்காரரின் எல்லைக்குள் போய் இறங்குகிறது. இவர் துப்பாக்கிக் குழலைப் பார்க்கிறார், சூரியனைப் பார்க்கிறார், தோட்டாப் பெட்டியின் கம்பெனிப் பெயரை முறைக்கிறார். நாயை மட்டும் பார்க்கவில்லை. நாய் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல் என்பது உச்சவரம்பு. உச்சவரம்பு அவரை இதுவரை தொந்தரவு செய்ததில்லை. கிடைத்த ஒன்றையும், சேவல்தான் என்று அதிகாரிக்குக் காட்ட ஒரு காலை வெட்டாமல் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, எட்டு மணிநேரம் வண்டி ஓட்டி வீடு சேர்ப்பார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அங்கே யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"பார்த்துக் கடிங்க, ரவை இருக்கும்" என்று பெருமையோடு பரிமாறுகிறார். சின்ன மகள் கடையில் வாங்கிய கோழி இருக்கிறதா என்று கேட்கிறாள். இருந்தது. அதை நாய்க்கு வேகவைத்திருந்தார்கள்.

அடுத்த வருடக் குத்தகைக்கு முன்பணம் டிசம்பரிலேயே போய்விட்டது.