ஓசி டைரியின் முதல் ஐந்து பக்கங்கள்: ஓர் ஆய்வு

தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களில் எழுத்துப் பயிற்சி என்பது டிசம்பர் இறுதியில் கருக்கொண்டு, ஜனவரி முதல் நாள் பிறந்து, பொங்கலுக்குக் கரும்பு வாங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிற பருவகால நிகழ்வாகும். இதற்கு நிலைக்களனாக அமைவது ஓசி டைரி. நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்து நிறுவனம், வங்கி முதலியவை தம் பெயரை அட்டையில் பொன்னிறத்தில் பொறித்து, வாடிக்கையாளருக்கு விலையின்றி வழங்கும் நாட்குறிப்பேடே ஈண்டு அப்பெயரால் சுட்டப்படுகிறது. விலை கொடுத்து வாங்கிய டைரி இவ்வாய்வின் எல்லைக்குள் வாராது. காசு போட்டவர் அதில் எழுத மனம் வராமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதால் ஆராய்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதில்லை.

சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுவது வழக்கம் என்பதை நோக்க, ஆண்டைக் குறிக்கும் தாள், அந்த ஆண்டில் எழுதியே தீர்வது என்னும் உறுதிக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் மூத்தது என்பது பெறப்படும். தாள் காத்திருக்கிறது, ஆள்தான் தாமதம்.

டைரியின் தொடக்கத்தில் தன்விவரப் பக்கம் உள்ளது. இரத்த வகை, வண்டி எண், காப்பீட்டுப் பாலிசி எண், அவசரத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியவர் ஆகிய இனங்களைக் கொண்ட இப்பக்கமே எல்லா டைரிகளிலும் குறைவின்றி நிரப்பப்படுகிறது. இதையடுத்து வரும் ஜனவரி 1ஆம் தேதிப் பக்கத்தில் பிள்ளையார் சுழியும், அதன் கீழ் அடிக்குச்சி வைத்து இழுத்த இரட்டைக் கோடும், அச்சு எழுத்தை ஒத்த கையெழுத்தில் இனி நாள்தோறும் எழுதுவது என்னும் பிரகடனமும் காணப்படும். இரண்டாம் நாள் கோயிலுக்குப் போய்வந்த செய்தியும் வரிசை நீண்டிருந்த செய்தியும் இடம்பெறும். மூன்றாம் நாள் அலுவலக விவகாரம் வருகிறது; ஆனால் வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடக்கூடும் என்பதனால் மேலதிகாரி முதலெழுத்தால் மட்டுமே குறிக்கப்படுவார். நான்காம் நாள் ‘வழக்கம்போல்’ என்னும் ஒற்றைச் சொல் நிற்கும். ஐந்தாம் நாள் ‘மேற்படி’ என்றிருக்கும். அதற்குப் பின் அடையாள நாடா அங்கேயே கிடந்து, பக்கத்தில் தன் தடத்தைப் பதித்துவிடும்.

இவ்வீழ்ச்சிக்குச் சோம்பலே காரணம் என்பர் ஒரு சாரார். நேரமின்மை என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. ஏனெனில், டைரியைக் கைவிட்ட அதே நபர் பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறத்திலும் கிழித்த காலண்டர் தாளிலும் அந்த வாரம் முழுவதும் எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார். வழவழப்பான தாளும் தங்க ஓரமும் எழுதுகிறவரை வருங்காலச் சந்ததியை நோக்கிப் பேசத் தூண்டுகின்றன. சந்ததியிடம் சொல்வதற்கோ கோயில் வரிசையைத் தவிர வேறு செய்தி இருப்பதில்லை. மறுநாள் காலையில் எவருக்கும் தேவைப்படாத எழுத்து ஐந்து நாளைக்கு மேல் தாங்குவதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு எதிர்நிலைச் சான்றாகப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொள்ளலாம். ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பும் வணிகத் தரகும் ஒருசேரப் பார்ப்பவராக இருந்த அவர், 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கினார். கப்பல் வந்தது, துணிப் பொதி போனது, இன்னாருக்கு இன்ன வெகுமதி கிடைத்தது, ஆளுநரின் மனைவியால் தமக்கு நேர்ந்த மனத்தாங்கல் இன்னது என்றெல்லாம் அவர் எழுதிவைத்தவை பின்னாளில் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக விரிந்தன. அவருடைய குறிப்பும் ஜனவரி மாதத்தில்தான் நின்றது என்பது உண்மையே. ஆனால் அது 1761ஆம் ஆண்டு ஜனவரி, அதாவது அவர் எழுதத் தொடங்கிய பின் வந்த 25ஆவது ஜனவரி. நின்றதற்குக் காரணமும் மரணமேயன்றி மேற்படி அன்று. கப்பல் கணக்கு எழுதியவருக்கு இலக்கியம் கூடவே வந்து சேர்ந்தது போலும். இலக்கியம் எழுத உட்கார்ந்தவர்களுக்குக் கணக்குகூட மிஞ்சவில்லை.

இனி, ஆறாம் பக்கம் முதல் அந்த டைரிக்கு என்ன நேர்கிறது என்பது ஆராயத்தக்கது. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும் மார்கழி மாதம், வீட்டுத் தலைவரின் எழுத்து முயற்சி பிறந்து மறையும் காலத்தைத் தன்னுள் அடக்கியிருப்பதால், கைவிடப்பட்ட ஏடு சூட்டோடு சூடாகக் கோல நோட்டாக மாறிவிடுகிறது. அதில் ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்றொரு குறிப்பு இருப்பின், நடு வரிசையில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புள்ளி குறைத்து, முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி விழுமாறு 8 வரை கொண்டுபோக வேண்டும் என்பது பொருள். கூட்டினால் 169 புள்ளிகள். இவற்றுள் ஒன்று தவறினாலும் விடியற்காலைக் குளிரில் கோலத்தின் ஒரு மூலை மூடாமல் நிற்கும். நிற்பதைப் பால்காரர் உட்படத் தெருவே பார்க்கும். ஆகவே முந்தின இரவே டைரியில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து பார்த்துவிடுவது மரபு.

படைப்பாற்றலை வளர்க்க விரும்புவோர் தேடியலையும் அனைத்தும் இங்கே கேட்காமலே அமைந்திருப்பது வியப்புக்குரியது. விடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு இருக்கிறது. வாசலைத் தாண்டுவோர் அனைவரும் வாசகராகின்றனர். போட்டது பகலுக்குள் மிதிபட்டும் சைக்கிள் ஏறியும் கலைந்துவிடுவதால் நேற்றைய வெற்றியை எண்ணிச் செருக்கவோ நேற்றைய கோணலை எண்ணி வருந்தவோ வழியில்லை. மறுநாள் வாசல் தெளித்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். டைரியின் முதல் பக்கத்தில் பிரகடனம் செய்தவருக்கு இவற்றுள் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

கோலம் எழுத்தாகாது, எனவே இவ்வொப்பீடு செல்லாது என்று தடை எழுப்பலாம். அதற்கு விடை, கோலத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்படும் சிறுகுறிப்புகளில் உள்ளது. ‘எதிர்வீட்டில் போட்டது, நடுவில் மட்டும் தாமரை மாற்றியது, அவர்கள் போட்டதைவிட நன்றாக வந்தது’ என்னும் வகைக் குறிப்பு ஒன்றையே எடுத்துக்கொண்டால், மூலத்தைக் குறிப்பிடும் நேர்மை, திருத்தம், திறனாய்வு ஆகிய மூன்றும் அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பது புலப்படும். இம்மூன்றாம் கூற்றை எதிர்வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது ஆய்வு நெறிக்கு இன்றியமையாததே எனினும், தெருவின் அமைதியை முன்னிட்டு அது தவிர்க்கப்பட்டது.