பாட மறுக்கும் ஹெட்போன்களும் அவற்றைப் பணிய வைக்கும் ஆம்புகளும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கலும் எல்லையும்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி, வேலைவாய்ப்பு என்றே சுற்றி வந்திருக்கின்றன. இருபத்தைந்தாயிரம் வெள்ளிக்கு ஒரு ஹெட்போனை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, "பாட்டு எங்கே?" என்று விழித்து நிற்கும் தமிழரை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவே இல்லை. இக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வெல்லை, கிழக்கே புடுவின் ஜாலான் பாசார். மேற்கே கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா. பிரிக்பீல்ட்ஸும் பெட்டாலிங் ஜெயாவும் இடையில் அடங்கும். ஷா ஆலம் விடுபட்டதற்கு இடிமழையே காரணம். அது பற்றிப் பின்னர்.

தலைச் சூத்திரம்

இத்துறையில் நிலவும் மயக்கங்களுள் முதன்மையானது, மின்தடை அளவாகிய ஓம் கூடினால் ஹெட்போன் முரண்டு பிடிக்கும் என்பது. அதைக் களையும் பொருட்டு இக்கட்டுரையாளர் யாத்த நூற்பா வருமாறு:

*ஓம்மின் மிகுதி ஒன்றே தடையன்று*
*டெசிபெல் குறைவே செலவெனப் படுமே.*

என்பது என்னுதலிற்றோ எனின், ஆம்ப் வாங்கப் புறப்படுவோன் முதலில் பார்க்க வேண்டிய எண் எதுவென உணர்த்துதல் நுதலிற்று. ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலிக்கும் என்று பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் பத்துக் குறைந்தால் மின்திறன் பத்து மடங்கு வேண்டும்.

சான்று காட்டுதும். பேயர்டைனமிக் டிடி 880இன் 600 ஓம் வகைக்கு அந்த எண் 96. தவில்காரர் ஓங்கி அறையும் அடி 110 டெசிபெல்லைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இதற்குத் தேவை 25 மில்லிவாட். அதாவது 4 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, 6.5 மில்லி ஆம்பியர். 2017இல் வந்த ஹைஃபைமேன் சுஸ்வராவோ வெறும் 60 ஓம்தான். ஓம்மை மட்டும் பார்ப்பவர் இதைச் சாது என்று நம்பி ஏமாறுவார். அதன் டெசிபெல் எண் 83. அதே தவில் அடிக்கு 500 மில்லிவாட், ஐந்தரை வோல்ட், 91 மில்லி ஆம்பியர் கேட்கும். மின்னோட்டம் பதினான்கு மடங்கு! கைப்பேசியில் செருகும் சின்ன மாற்றி ஒரு வோல்ட் தரும். அதில் சுஸ்வரா 95 டெசிபெல்லில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பாட்டு வரும், தவில் மட்டும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் அடிப்பது போலக் கேட்கும்.

இவற்றையெல்லாம் விட முரடானது 1989இல் வியன்னாவின் ஏகேஜி வெளியிட்ட கே1000. அதன் எண் 74. தவில் அடிக்கு 4 வாட், 22 வோல்ட். ஒலிக்கும் பகுதி காதை மூடாது. கதவு போல விரித்துச் சாய்த்துக்கொள்ளலாம். ஹெட்போன் துளையில் செருகும் முனையே அதற்கு வைக்கவில்லை. ஒலிபெருக்கிக்கான ஆம்பின் பின்புறத்தில் ஒயரை முடுக்கிக் கேள் என்பது அதைச் செய்தவர்களின் துணிபு.

வரலாற்றுப் பின்னணி, சுருக்கமாக

ஆம்ப் தேர்வு என்னும் துன்பமே இல்லாத பொற்காலம் ஒன்று இங்கே இருந்தது. 1949 வாக்கில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ரெடிஃப்யூஷன் வந்தது. ஒயர் வழி வானொலி. ஆம்ப் நிலையத்தில் இருக்கும்; வீட்டுக்கு வருவது ஒரு பெட்டியும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகும்தான். எந்த ஆம்ப் நல்லது என்று யாரும் யாரோடும் சண்டை போட வழியில்லை. பிற்காலத்தார் இழந்த பேறு அது.

இரு மதங்கள்

இத்துறையார் இரு மதத்தினர். முதலாமவர் சூட்டு மதத்தினர். ஏ வகுப்பு ஆம்ப், வால்வு ஆம்ப் இரண்டும் இவர்களுக்குத் தெய்வம். நெல்சன் பாஸ் வடிவமைத்த ஃபர்ஸ்ட் வாட் எஃப்5 இவர்களது மூலவர்களுள் ஒன்று. அது ஒலிபெருக்கிக்காகப் பிறந்த 25 வாட் ஏ வகுப்பு ஆம்ப். முரட்டு ஹெட்போன்காரர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். ஏ வகுப்புக்காரன் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் தின்பான். எஃப்5 சும்மா இருக்கும்போதே நூறு வாட்டுக்கு மேல் வெப்பமாகக் கக்கும். வால்வுகளில் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை, 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600க்கு நன்றாகப் பொருந்தும்; மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தைக் கொஞ்சம் கொழுக்க வைத்துத் தரும். ஆனால் அதில் சுஸ்வராவைச் செருகினால் மின்னோட்டம் போதாமல் இரண்டுமே தலை குனியும்.

இரண்டாமவர் அளவை மதத்தினர். காதை நம்பாதே, கருவியை நம்பு என்பது இவர்கள் கொள்கை. இம்மதத்தின் முதற் குரவர் பெயர் இன்றுவரை தெரியாது. 2011இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர் ஓ2 என்னும் ஆம்பின் வரைபடத்தை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார். மலிவான பாகங்கள், ஏறத்தாழ 7 வோல்ட், அளவைகள் அத்தனையும் சுத்தம். விலையுயர்ந்த ஆம்புக்காரர்களைக் கிழிகிழியென்று கிழித்தார். 2012இல் காணாமல் போனார். அப்புறம் ஆளையே காணோம். பெயர் அறியப்படாத சங்கப் புலவர்களுக்கு அவர்கள் பாட்டிலிருந்தே பெயர் சூட்டிய மரபு நமக்குண்டு; அம்மரபுப்படி இவரை 'ஓவிரண்டனார்' என வழங்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். ஓவிரண்டனாரின் பாகங்களில் பெரும்பாலானவற்றை ஜாலான் பாசார் கடைகளில் பொறுக்கலாம். எடுத்துக்கொடுக்கும் சீனப் பெரியவர், "எத்தனை பீஸ்?" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்க மாட்டார். எந்த மதத்தையும் சாராத ஒரே ஆளை நான் களத்தில் கண்டது அங்கேதான்.

கிள்ளான் பள்ளத்தாக்குச் சுழற்சி

வியன்னாவிலும் கலிஃபோர்னியாவிலும் எழுதப்பட்ட ஆம்ப் சாத்திரங்கள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தா. இக்கட்டுரையின் தனிப் பங்களிப்பு இவ்விடத்தில்தான்.

முரட்டு ஹெட்போன்கள் பெரும்பாலும் முதுகு திறந்தவை. ஜல்லடை வழியே உள்ளே பாடுவது வெளியே கேட்கும். வெளியே நடப்பது உள்ளே கேட்கும். கோலாலம்பூர் நண்பகல் வெப்பம் 32, 33 பாகை. அந்த அறையில் ஏ வகுப்பு ஆம்பை ஏற்றினால் கேட்பவர் வேர்ப்பார். தோலுறை காதோடு ஒட்டும். ஆகவே ஏர்கான் போட வேண்டும். சுவரில் தொங்கும் ஏர்கானின் இரைச்சல் நாற்பது டெசிபெல்லை நெருங்கும்; திறந்த முதுகு வழியே அது நேராகத் தம்பூராவின் மேல் வந்து உட்காரும். இரைச்சலை மீறிக் கேட்கச் சத்தத்தைக் கூட்ட வேண்டும். சத்தம் கூட்டப் பெரிய ஆம்ப் வேண்டும். பெரிய ஆம்ப் இன்னும் சூடு கக்கும். சூட்டைத் தணிக்க ஏர்கானை இன்னும் குளிர வைக்க வேண்டும். இச்சுழற்சிக்கு முடிவில்லை என்பதைக் கணித முறையில் நிறுவலாம். மின்சாரக் கட்டண ரசீது ஏற்கெனவே நிறுவியிருப்பதால் இங்கே விடப்படுகிறது.

இது போதாதென்று இடி. உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை நான்கு மணியானால் வானம் கறுத்துவிடும். முதல் உறுமலுக்கே பிளக்கைப் பிடுங்குவது இங்கே பிறந்த எல்லாருக்கும் கை வந்த வித்தை. வால்வு ஆம்ப் சூடேறி ஒரு நிலைக்கு வர அரை மணி நேரமாவது வேண்டும் என்பது சூட்டு மதத்தின் விதி. மூன்றரைக்கு ஏற்றி நான்குக்குப் பிடுங்கும் ஒருவர் ஆண்டில் பாதி நாள் வால்வைச் சூடாக்க மட்டுமே செய்கிறார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடித் தகவலாளர் ஒருவர் இதற்காகவே ஓவிரண்டனாரிடம் மதம் மாறினார். அந்த ஆம்ப் இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். இடிக்கு அஞ்ச வேண்டாம். கேஎல் சென்ட்ரலை நோக்கிப் போகும் ரயில்கள்தான் இன்னும் பாட்டுக்குள் புகுந்து போகின்றன என்றார். அதற்கு ஆம்ப் மருந்தாகாது.

களச்சான்று: தாமான் ஸ்ரீ அண்டலாஸ்

இவ்வாய்வின் தலைசிறந்த தகவலாளர் கிள்ளானில் இருக்கிறார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஹெட்போன் பழைய ஹைஃபைமேன் எச்இ-6. இதன் எண்ணும் 83ஐ ஒட்டியதுதான். ஆம்ப் என்று அவர் காட்டியது எழுபதுகளின் ஜப்பானிய ரிசீவர்: முகப்பில் வெள்ளி நிறத் தகடு, பக்கவாட்டில் மரப்பெட்டி, அலைவரிசை முள்ளுக்குப் பின்னால் பச்சை விளக்கு. ஆம்கார்ப் மாலின் வாரயிறுதிப் பழம்பொருள் சந்தையில் எடுத்தது.

"எவ்வளவுண்ணே?"

"ரிசீவரா? முந்நூறு வெள்ளி. ஒயரு தனி, பதினஞ்சு வெள்ளி."

"வாட்டு?"

"நாப்பது. பத்தாதா ஒனக்கு?"

பத்தும். எட்டு ஓம்மில் நாற்பது வாட் என்றால் கிட்டத்தட்ட 18 வோல்ட். ஒலிபெருக்கி முனையிலிருந்து நேராக எடுத்தால் எச்இ-6இன் 50 ஓம்முக்கு ஆறு வாட்டுக்கு மேல் போகும். சாத்திரங்கள் கேட்பதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. ரிசீவரின் முகப்பிலுள்ள ஹெட்போன் துளையும் பெரும்பாலும் அதே ஆம்பிலிருந்து ஒரு மின்தடை வழியாக வருவதுதான். எச்இ-6 போன்ற தட்டைச் சவ்வு ஹெட்போனின் மின்தடை எல்லாச் சுருதிக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அந்த வழியும் அதன் குரலைக் கெடுக்காது. ஒரே எச்சரிக்கை: பின்பக்கம் முடுக்குபவர் இடது, வலது இரண்டுக்கும் நான்கு ஒயர் தனித்தனியே இழுக்க வேண்டும். புது ஆம்ப் சிலவற்றில் இரண்டு கறுப்பு முனைகளையும் ஒன்றாக முறுக்கினால் ஆம்ப் புகையும். சத்தத்திருகை அரைச்சுற்று திருப்பினால் ஹெட்போனும் புகையும்.

ஆய்வு நெறிப்படி, அவர் வழக்கமாக எவ்வளவு சத்தத்தில் கேட்கிறார் என்று கைப்பேசியின் ஒலிமானியைத் தோலுறைக்குள் வைத்து அளந்தேன். மலேசியா வாசுதேவன் பாட்டு. சராசரி 70 டெசிபெல்லைத் தாண்டவில்லை. பக்கத்து அறையில் பேரப்பிள்ளை தூங்கும், திறந்த முதுகு. 80 டெசிபெல் என்றால் ஒரு வாரத்தில் நாற்பது மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்; அதற்கும் கீழேதான் இவர். தவில் அடிக்கு இருபது டெசிபெல் கூட்டிப் பார்த்தாலும் 90. அதற்கு வேண்டியது 5 மில்லிவாட், அரை வோல்ட். இருபத்தைந்து வெள்ளி மாற்றியைக் கைப்பேசியில் செருகினாலே போதும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி," என்றார். "ஞாயித்துக்கெழம ஆம்கார்ப்புல ஒரு சான்சுயி ரிசீவர் வருதாம். வண்டி எடுத்துட்டு வரியா? தனியாத் தூக்க முடியல."