ஆங்கில மரபுத்தொடரில் ஊக்கமும் உறுப்புச்சேதமும்

கடினமான வேலையை ஒருவர் ஆசையோடு எடுத்துச் செய்கிறார் என்பதைச் சொல்ல ஆங்கிலேயர் வைத்திருக்கும் தொடர்களை அடுக்கிப் பார்ப்பவருக்கு, கையில் இருப்பது அகராதியா, மருத்துவமனையின் விபத்துப் பதிவேடா என்ற ஐயம் எழுவது இயல்பு. மூக்கைச் சாணைக்கல்லில் வை. தோளைச் சக்கரத்துக்குக் கொடு. காளையைக் கொம்பில் பிடி. குண்டைக் கடி. விடிந்ததும் தவளையைத் தின். மூக்கு, தோள், கை, பல், வயிறு என உறுப்புகள் ஒவ்வொன்றாகக் களப்பலி ஆகின்றன. மூளைக்கு மட்டும் எந்த ஆபத்தும் நேர்வதில்லை.

முதல், கரு, உரி என்ற நம் பழைய முறையே இவ்வாய்வுக்குப் போதும். முதற்பொருள் இடமும் காலமும். கருப்பொருள் மாடு, சக்கரம், தவளை முதலியன. உரிப்பொருள் ஊக்கம் என்பது அகராதிக்காரர் துணிபு. அது பொருந்தாமை கீழே காண்க.

மூக்கிலிருந்து தொடங்குவோம். ‘நோஸ் டு தி கிரைண்ட்ஸ்டோன்’ 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய தொடர். அக்காலத்தில் யாரும் தம் மூக்கைத் தாமே கொண்டுபோய்க் கல்லில் வைக்கவில்லை. பிறர் மூக்கைப் பிடித்து அழுத்துவதே வழக்கு, அதாவது ஒருவரைக் கசக்கிப் பிழிவது. மூக்குக்கு உரியவரே மனமுவந்து குனிவதாகப் பொருள் திரிந்தது பிற்பாடுதான். திரித்தவர் முதலாளியாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

உண்மையிலேயே குனிந்தவர்களைக் காண இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போகவேண்டும். கத்திக்கும் முள்கரண்டிக்கும் பேர்போன அந்த ஊரில் சாணைக்காரர்கள் ஒரு பலகைமேல் குதிரையேறுவதுபோல் கால்பரப்பி அமர்ந்து, சுழலும் கல்மீது கவிந்து வேலை செய்தனர். கல்தூளும் இரும்புத்தூளும் நேரே நுரையீரலுக்குப் போயின. இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி 1845இல் வெளிவந்த தம் நூலில், நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் சொன்ன கணக்கை எங்கெல்ஸ் தருகிறார். முள்கரண்டி தீட்டுவோர் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையே இறந்தனர். ஈரக்கல்லில் மேசைக்கத்தி தீட்டுவோர் 40க்கும் 50க்கும் இடையே. அதே மருத்துவர் இன்னொன்றும் கண்டார்: சாணைக்காரர்களில் அதிகநாள் வாழ்ந்தவர்கள் பெருங்குடிகாரர்களே. காரணம் சாராயத்தின் மருத்துவகுணம் அன்று. அவர்கள்தாம் அடிக்கடி வேலைக்கு மட்டம் போட்டார்கள். ஊக்கத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை இதைவிடத் துலக்கமாக யாரும் நிறுவியதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, காளை. தமிழ் வாசகர் இங்கே ஒரு தடை எழுப்பலாம்: நம் சல்லிக்கட்டில் திமிலைத்தான் தழுவவேண்டும், கொம்பைப் பிடித்தால் ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்களே என்று. தடை நியாயமானது, ஆனால் தொடர் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. தொடர் தமக்கு முந்தியதாயினும், அதை எழுத்துக்கு எழுத்துச் செய்துகாட்டியவர் டெக்சஸின் கறுப்பின மாட்டுக்காரர் பில் பிக்கெட். குதிரையிலிருந்து ஓடும் காளைமேல் தாவி, இரு கொம்பையும் பற்றிக் கழுத்தை முறுக்கி, அதுவும் போதாதென்று மேலுதட்டைப் பல்லால் கவ்வி அதைச் சாய்ப்பார். அவரைக் கொன்றது காளை அன்று. 1932இல் குதிரை உதைத்து இறந்தார். 1994இல் அமெரிக்க அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை அச்சிட்டது. அதில் இருந்த முகம் அவருடைய சகோதரருடையது. பிறகு அதைத் திரும்பப் பெற்று, படத்தை மாற்றி வெளியிட்டார்கள். கொம்பைப் பிடித்தவர் ஒருவர், தபால்தலையில் ஏறியவர் இன்னொருவர் என்ற இச்செய்தி, அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் புதுமையாகப் படாது.

சிறு உறுப்புகளை விரைந்து கடப்போம். குண்டைக் கடிப்பது ஊக்கமே அன்று. 18ஆம் நூற்றாண்டுச் சிப்பாய்கள் கசையடி படும்போது கத்தாமலிருக்கக் கையாண்ட உபாயம் அது. எனவே திணைமயக்கம் என்று தள்ளுக. சக்கரத்துக்குத் தோள் கொடுப்பது ஈசாப் கதை: வண்டி சேற்றில் புதைய, வண்டிக்காரன் ஹெர்குலிஸைக் கூப்பிட, வந்த தெய்வம் ‘முதலில் நீ தோளைக் கொடு’ என்றது. உதவி கேட்டவனை அறிவுரை கொடுத்து அனுப்பும் மேலதிகாரி மரபின் தொன்மை இதனால் விளங்கும். சட்டைக்கையை மடித்துவிடுவது ஒன்றுதான் சேதமில்லாத தொடர். அதற்குச் சான்று, 1943இல் வெஸ்டிங்ஹவுஸ் ஆலைகளில் ஒட்டப்பட்ட, சட்டைக்கையை மடித்த பெண்ணின் புகழ்பெற்ற சுவரொட்டி. அன்று அது சுவரில் இருந்தது இரண்டே வாரம். ஆலைகளில் ஊக்கத்தின் சராசரி ஆயுள் அதுதான் என்று கொள்வதில் தவறில்லை.

தவளைக்கு வந்தால் பாடபேதச் சிக்கல் எழுகிறது. காலையில் முதல் வேலையாகத் தவளையைத் தின்றுவிட்டால் அன்று அதைவிட மோசமானது எதுவும் நேராது என்று மார்க் ட்வெய்ன் சொன்னதாக மேலாண்மைப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். பிரையன் டிரேசி 2001இல் இதன்பேரில் ஒரு நூலே எழுதினார். ட்வெய்ன் இப்படி எழுதியதற்குச் சான்றில்லை. 1794இல் மறைந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஷாம்ஃபோர், லாசே என்ற கனவான் சொன்னதாக இதைக் குறித்துவைத்தார். அங்கே இருப்பது தேரை, தவளை இடைச்செருகல். விழுங்கச் சொன்னதும் வேலைக்குப் போகிறவனை அன்று, பெரிய மனிதர்களோடு நாள் முழுதும் பழகவேண்டியவனை. ஆக, உரிப்பொருள் ஊக்கம் அன்று, அருவருப்பு. அதை ஊக்கமாக மாற்றியவர்கள் தேரையைத் தொட்டே பார்க்காதவர்கள்.

எஞ்சியது ‘கங் ஹோ’. அளவு மீறிய உற்சாகத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொல் இதுவே. உறுப்பேதும் இதில் இல்லை. ஜப்பானியப் படையெடுப்பில் ஆலைகளை இழந்த சீனாவில் 1938இல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. நியூசிலாந்துக்காரர் ரெவி ஆலி முன்னின்றவர்களுள் ஒருவர். சங்கத்தின் நீண்ட சீனப் பெயரின் சுருக்கமே இது. எவன்ஸ் கார்ல்சன் என்ற அமெரிக்க மரீன் படை அதிகாரி அதை ‘ஒன்றுசேர்ந்து உழைப்போம்’ என்று பொருள்கொண்டு, 1942இல் தம் பட்டாளத்தின் முழக்கமாக்கினார். மறு ஆண்டே அப்பெயரில் திரைப்படமும் வந்தது. ‘கோ-ஆப்டெக்ஸ்! கோ-ஆப்டெக்ஸ்!’ என்று முழங்கிக்கொண்டு ஒரு படை எதிரிமேல் பாய்வதைக் கற்பனை செய்க. அதுவும் தீபாவளித் தள்ளுபடி இல்லாத மாதத்தில்.